வயர்லெஸ் மீட்டர் ரீடிங்: எண் தவறினால் ஓரிடம், எண் வராவிட்டால் வேறிடம்

கேள்வி இது: குடியிருப்பு வளாகம் ஒன்றில் தண்ணீர் மீட்டர்களுக்கு ரேடியோ கருவி மாட்டியாகிவிட்டது. சில வீடுகளிலிருந்து ரீடிங்கே வருவதில்லை. சில வீடுகளில் வருகிறது, ஆனால் மீட்டர் முகப்பில் ஓடும் எண்ணோடு பொருந்தவில்லை. ரேடியோ செய்திகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் கேட்வேயை மாற்றலாமா, ஆன்டெனாவைப் பெரிதாக்கலாமா?

இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள். இந்த ஏற்பாட்டில் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மீட்டரில் ஓடும் தண்ணீரை எண்ணுவது முதல் வேலை. எண்ணியதைக் காற்றில் அனுப்புவது இரண்டாவது. வந்த எண்ணைச் சரியான வீட்டின் பெயரில் எழுதுவது மூன்றாவது. ரீடிங் வராத வீட்டுக்கும் தப்பாக வரும் வீட்டுக்கும் காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். ரேடியோ செய்தி வந்து சேரும், அல்லது சேராது. வழியில் எண் கெட்டுப்போனால் பிழைச் சோதனையில் அந்தச் செய்தியே நிராகரிக்கப்பட்டுவிடும். ஆகவே தப்பான எண் வந்தால் அது எண்ணும் இடத்திலோ எழுதும் இடத்திலோ உண்டான பிழை. ஆன்டெனாவை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது சரியாகாது.

முதலில் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். பல்ஸ் வகையில் மீட்டருக்குள் சுற்றும் ஒரு காந்தம், குறிப்பிட்ட அளவு தண்ணீர் போனதும் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ரீட் சுவிட்சை ஒருமுறை மூடித் திறக்கும். அப்படி ஒருமுறை மூடித் திறப்பதே ஒரு பல்ஸ். ரேடியோ கருவி அதை எண்ணிக்கொண்டே போகும். மாட்டிய நாளில் தொடக்க எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒயர் ஒரு நாள் அறுந்து கிடந்தால் அந்த நாளின் எண்ணிக்கை போனது போனதுதான். என்கோடர் வகையில் கருவி மீட்டரின் முகப்பு எண்ணையே நேரடியாக வாசிக்கும். தொடக்க எண் தேவையில்லை, ஒயர் அறுந்து மீண்டும் சேர்ந்தாலும் எண் சரியாக இருக்கும். இதற்கு வழக்கமாக மூன்று ஒயர்கள்: மின்சாரம் அல்லது கிளாக், டேட்டா, கிரவுண்ட். நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் நிறத்தை நம்பி இணைக்காமல், மீட்டரோடு வந்த தாளைப் பார்த்து இணைக்க வேண்டும். புதிதாக வாங்குகிற இடத்தில் விலை இடம் கொடுத்தால் என்கோடர் வகையையே எடுக்கச் சொல்வேன். கீழே வரும் தொல்லைகளில் பாதி பல்ஸ் வகைக்கே உரியவை.

இனி, தப்பான எண். முகப்பு எண்ணையும் சர்வரில் உள்ள எண்ணையும் ஒரே நேரத்தில் குறித்து, சில நாள் கழித்து மீண்டும் குறியுங்கள். வித்தியாசம் எப்படி வளர்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

வித்தியாசம் மாறாமல் அப்படியே நின்றால் எண்ணுதல் சரி. தொடக்க எண் தப்பாகக் கொடுக்கப்பட்டது, அல்லது இடையில் ஒருமுறை எண்ணிக்கை விட்டுப்போனது. எண்ணைத் திருத்தினால் முடிந்தது. ஓடிய தண்ணீரை விட 10 மடங்கு, 100 மடங்கு கூடவோ குறைவாகவோ காட்டினால் பல்ஸ் மதிப்பு தப்பு. மீட்டர் 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் தருகிறது, மென்பொருள் ஒரு லிட்டர் என்று நினைக்கிறது. மதிப்பு பெரும்பாலும் மீட்டர் முகப்பிலோ சென்சார் கேபிளின் சீட்டிலோ அச்சிட்டிருக்கும். சரியாக இரண்டு மடங்கு என்றால் சுவிட்ச் மூடும்போது ஒன்று, திறக்கும்போது ஒன்று என்று கருவி இரண்டு முறை எண்ணுகிறது; அது அமைப்பில் மாற்றக்கூடியது.

ஒழுங்கில்லாமல் சில சதவீதம் குறைந்துகொண்டே போனால் பல்ஸ்கள் தவறுகின்றன. மீட்டர் மேல் கவ்விக்கொள்ளும் சென்சார் முழுமையாக உட்காராததுதான் முதல் சந்தேகம். திருகைத் தளர்த்தி, அடியில் உள்ள மண்ணைத் துடைத்து, மீண்டும் அமர்த்துங்கள். அடுத்தது டிபவுன்ஸ் நேரம். ரீட் சுவிட்ச் மூடும்போது அதன் தகடுகள் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் அதிரும். அந்த அதிர்வைப் பல பல்ஸ்களாக எண்ணிவிடாமலிருக்கக் கருவி சற்றுப் பொறுத்துப் பார்க்கிறது. அந்தப் பொறுமை அதிகமானால் உண்மையான பல்ஸும் விழுங்கப்படும். கணக்கு எளிது: க்யூ3 மதிப்பு (மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம்) மணிக்கு 2.5 கன மீட்டர் உள்ள வீட்டு மீட்டரில் உச்ச ஓட்டம் மணிக்கு 3.125 கன மீட்டர். லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்றால் அது நொடிக்கு 0.87 பல்ஸ், 50 மில்லிநொடி டிபவுன்ஸ் எந்தத் தொல்லையும் தராது. அதே மீட்டரில் 0.1 லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்றால் ஒரு பல்ஸின் முழுச் சுற்றே 115 மில்லிநொடிதான், அதில் சுவிட்ச் மூடியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. அங்கே 100 மில்லிநொடி வைத்தால், குழாயை முழுக்கத் திறக்கும்போதெல்லாம் எண்ணிக்கை விழும். மெதுவாக ஓடும்போது சரியாகவும் வேகமாக ஓடும்போது குறைவாகவும் எண்ணுகிற கருவியைக் கண்டால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில் சர்வர் எண் மட்டும் ஏறினால், பலருக்கும் கசிவு என்று தோன்றும். முகப்பில் உள்ள சிறு நட்சத்திரச் சக்கரம் அசைகிறதா என்று பாருங்கள். முன்னோக்கியே மெல்லச் சுற்றினால் உண்மையிலேயே கசிவு. முன்னும் பின்னும் ஆடினால் குழாய் அழுத்தம் ஆடுகிறது: மோட்டார் ஓடி நிற்பது, குழாயில் சிக்கிய காற்று, திரும்பாமல் தடுக்கும் வால்வு இல்லாமை. காந்தம் ரீட் சுவிட்சின் விளிம்பில் நின்றுவிட்ட நேரத்தில் இந்த ஆட்டம் சுவிட்சை மூடி மூடித் திறக்கும். ஒரே சுவிட்ச் உள்ள சென்சாருக்குத் திசை தெரியாது. பின்னோக்கி வந்ததையும் கூட்டிக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு தடுப்பு வால்வு, அல்லது திசையறியும் இரட்டைச் சென்சார். சக்கரம் அசையவே இல்லை, எண் மட்டும் ஏறுகிறது என்றால் கேபிளில் இரைச்சல் புகுகிறது. பல்ஸ் கேபிள் மின்சாரக் கேபிளோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும் பல்ஸ் கருவிக்குக் கேபிள் நீளத்தை 10 மீட்டருக்குள் வைப்பது நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள்.

ஒயர் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மீட்டர் குழிகளில் கருவிகளைச் சாகடிப்பது பெரும்பாலும் அதுதான். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு, குழியில் ஒரு மழைக்காலம் தாங்காது. பேட்டரியை மிச்சப்படுத்த, கருவி சுவிட்சைப் பார்க்கப் பயன்படுத்தும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதனால் ஈரம் ஏறிய இணைப்பின் சொற்பக் கசிவு மின்னோட்டமே அதற்கு மூடிய சுவிட்ச் போலத் தெரியும். விளைவு: மழைக்குப் பின் எண்ணிக்கை நிற்கும், வெயில் அடித்ததும் திரும்பும், அல்லது ஒயர் வெட்டப்பட்டதாகப் பொய் எச்சரிக்கை வரும். ஜெல் நிரப்பிய கிரிம்ப் கனெக்டரே இங்கே பயன்படுத்த வேண்டும். அதில் ஒயரின் உறையை உரிக்கக் கூடாது. வெட்டிய முனையை அப்படியே இறுதிவரை தள்ளி, கண்ணாடி போன்ற உடல் வழியாக முனை அடியைத் தொட்டதைப் பார்த்த பிறகு, இணையான தாடை உள்ள இடுக்கியால் பொத்தான் மட்டமாகும் வரை அழுத்த வேண்டும். சாதாரண இடுக்கியால் சாய்வாக அழுத்தினால் ஒரு ஒயர் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கனெக்டரின் திறந்த பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி, குழியின் மேற்பகுதியில் கட்டி வையுங்கள்.

சுவிட்சைச் சோதிக்கக் கருவியிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். குழாயைத் திறந்தால் முடிவிலிக்கும் சில ஓமுக்கும் இடையே மாற வேண்டும். எப்போதுமே மூடியிருந்தால் தகடுகள் ஒட்டிவிட்டன, எப்போதுமே திறந்திருந்தால் அறுந்திருக்கிறது. வெளியீடு ரீட் சுவிட்சாக இல்லாமல் ஓப்பன் கலெக்டராக (டிரான்சிஸ்டர் சுவிட்சாக) இருந்தால் கூட்டல் கழித்தல் முனைகள் முக்கியம். மல்டிமீட்டர் முனைகளை மாற்றி வைத்தால் பழுதில்லாததும் பழுதாகத் தெரியும். பல்பையோ பஸ்ஸரையோ தொடராக வைத்துச் சோதிக்காதீர்கள், அந்த மின்னோட்டமே தகடுகளை ஒட்டவைத்துவிடும். கடைசிச் சோதனை எண்ணிக்கை: முகப்புப்படி 100 லிட்டர் ஓடவிடுங்கள். லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்றால் 100 வர வேண்டும், ஒன்று முன்பின் இருக்கலாம். 10 லிட்டர் பல்ஸ் மீட்டரில் 100 லிட்டர் போதாது. ஒரு பல்ஸ் வித்தியாசமே 10 சதவீதம் ஆகிவிடும்.

ரீடிங் வராத வீடுகளுக்கு வருவோம். எளிய காரணம் ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது: கருவி விழிக்கவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து இவை உறக்க நிலையில் வருகின்றன. குறிக்கப்பட்ட இடத்தில் காந்தத்தைச் சில நொடி வைப்பது, ஃபோனின் என்எஃப்சி மூலம் எழுப்புவது, அல்லது முதல் சில லிட்டர் தண்ணீர் ஓடுவது என்று எழுப்பும் முறை மாடலுக்கு மாடல் வேறு. எழுப்பியதற்கு அடையாளமாக எல்இடி எப்படி மின்ன வேண்டும் என்பதையும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழித்த பின்னும் வராவிட்டால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். வார்ப்பிரும்பு மூடி போட்ட குழிக்குள் ரேடியோ வைப்பது, மூடிய இரும்புப் பாத்திரத்துக்குள்ளிருந்து பேசுவது போலத்தான். மூடியில் துளையிட்டு ஆன்டெனாவை மேலே கொண்டுவர வேண்டும், அல்லது மூடியையே இரும்பில்லாத கலவைப் பொருளாலானதாக மாற்ற வேண்டும். மூடியை மாற்ற முடிந்த இடத்தில் மாற்றிவிடுங்கள்; வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது. கருவியைக் குழியின் அடியில் போடாமல், மூடிக்கு அருகே, ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி சுவரில் கட்டுங்கள். 868 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ. அந்த அளவுக்குள் குழாயோ இரும்புச் சட்டமோ இருந்தால் ஆன்டெனாவின் இசைவு கெடும். தண்ணீர் சூழ்ந்தாலும் அப்படியே. ஐபி68 என்பது கருவிக்குள் தண்ணீர் புகாது என்ற உறுதி மட்டுமே, அதுவும் தயாரிப்பாளர் குறித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும்தான். தண்ணீருக்கடியிலிருந்து சிக்னல் போகும் என்று அது சொல்லவில்லை.

சிக்னலை அளப்பதும் மூடி மூடியிருக்கும்போதுதான். திறந்து வைத்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மேலே வண்டி நிறுத்தும் இடமென்றால் வண்டி நிற்கும்போது அளவெடுங்கள். கேட்வே எடுக்கக்கூடிய மிகக் குறைந்த சிக்னலுக்கு மேல் குறைந்தது 10 டெசிபெல் கையிருப்பு இருந்தால்தான் மழையையும் புதிதாக முளைக்கும் சுவரையும் தாங்கும்.

லோரா ரேடியோவில் ஓடும் லோராவான் நெட்வொர்க் கருவியானால் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேர்ந்த சிக்னலின் வலிமை) எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எஸ்என்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேலே) எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். லோரா இரைச்சலுக்குக் கீழே புதைந்த சிக்னலையும் எடுக்கும்: ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் (கூடக் கூட மெதுவாக, ஆனால் வெகுதூரம் பேசும் அமைப்பு) 7-ல் எஸ்என்ஆர் மைனஸ் 7.5 டெசிபெல் வரை, 12-ல் மைனஸ் 20 வரை. ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 110, எஸ்என்ஆர் பிளஸ் 5 என்றால் தூரம் அதிகம், ஆனால் நிலைமை நன்று. ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 100, எஸ்என்ஆர் மைனஸ் 12 என்றால் சிக்னல் போதுமான அளவில் இருக்கிறது, கேட்வேக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது. அங்கே கேட்வேயை நகர்த்த வேண்டும், மீட்டர் பக்கம் போய்ப் பயனில்லை.

நிறுவும் நாளிலேயே ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் 12-ல்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடத்தை முடிந்த வேலையாக ஏற்காதீர்கள். 20 பைட் செய்தி 7-ல் சுமார் 72 மில்லிநொடி காற்றில் இருக்கும். 12-ல் சுமார் 1.8 நொடி. அதாவது 25 மடங்கு. பேட்டரி அந்த விகிதத்தில் கரையும், பக்கத்து மீட்டர்களின் செய்தியோடு மோதும் வாய்ப்பும் கூடும். எல்லாக் கருவிகளும் சரியாக நள்ளிரவு 12 மணிக்கு அனுப்பும்படி அமைத்திருந்தாலும் இதே மோதல்தான். ஒவ்வொன்றுக்கும் தற்செயலான தாமதம் கொடுங்கள்.

நெட்வொர்க்கில் சேரும் ஜாயின் கட்டத்திலேயே நின்றுவிட்டால் கேட்வே பதிவைத் திறந்து பாருங்கள். கருவியின் கோரிக்கையே வரவில்லை என்றால் தூரம் அல்லது அலைவரிசை. ஐரோப்பா 863–870, இந்தியா 865–867, அமெரிக்கா 902–928 மெகாஹெர்ட்ஸ் என்று பகுதிக்கொரு திட்டம் உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் கருவியும் கேட்வேயும் ஒரே துணை அலைவரிசைத் தொகுதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை செய்வது போலத் தெரியும். கோரிக்கை வருகிறது, சர்வர் மறுக்கிறது என்றால் அடையாள எண்ணோ ரகசியச் சாவியோ தப்பு. கருவியின் அடையாள எண்ணான டெவ்இயூஐ 16 ஹெக்ஸ் எழுத்து (0 முதல் 9, ஏ முதல் எஃப்), ரகசியச் சாவியான ஆப்கீ 32. கையால் தட்டச்சு செய்தால் 8-ம் பி-யும் இடம் மாறும், சில சமயம் பைட் வரிசையே தலைகீழாக ஏறியிருக்கும். கருவி புதுக் கோரிக்கையில் பழைய டெவ்நான்ஸ் எண்ணையே (ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக இருக்க வேண்டிய எண்) மீண்டும் அனுப்பினாலும் சர்வர் மறுக்கும். சர்வர் ஏற்றுக்கொண்டும் கருவி கேட்கவில்லையென்றால் திரும்பும் பாதையில் கோளாறு. ஜாயின் பதில் 5 நொடியில் போகும், அதன் பிறகு சாதாரணப் பதில்கள் இயல்பாக 1 நொடியில் போக வேண்டும். மெதுவான மொபைல் இணைப்பில் ஓடும் கேட்வேயால் அது முடியாது, எனவே அந்தத் தாமதத்தை 5 நொடியாக உயர்த்துங்கள்.

வயர்லெஸ் எம்-பஸ் (மீட்டர்களுக்கென்றே உள்ள இன்னொரு ரேடியோ முறை) கருவிகளில் தொல்லை வேறு வடிவில் வரும். டி1, சி1 முறைகள் 868.95 மெகாஹெர்ட்ஸில், எஸ் முறை 868.3-ல், ரிசீவர் எந்த முறையில் கேட்கிறது என்று பாருங்கள். செய்தி வருகிறது, படிக்க முடியவில்லை என்றால் குறியாக்கத்தைப் பிரிக்கும் ஏஇஎஸ் சாவி பொருந்தவில்லை. முறை 5 குறியாக்கத்தில் சரியாகப் பிரித்த செய்தி 2எஃப் 2எஃப் என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்கும். அப்படித் தொடங்காவிட்டால் வேறு மீட்டரின் சாவியைப் போட்டிருக்கிறீர்கள். நடந்துபோய்ப் படிக்கும் வகையில் சில கருவிகள் பேட்டரிக்காக வார நாட்களின் பகல் நேரத்தில் மட்டும் ஒலிபரப்பும்; ஞாயிறு மாலை போய்த் தேடி, பழுது என்று எழுதிவிடாதீர்கள். மொபைல் நெட்வொர்க் வழியாகப் பேசும் என்பி-ஐஓடி கருவிகள் பெரும்பாலான நேரம் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்; நீங்கள் அனுப்பும் கட்டளை அது அடுத்த முறை எழுந்து பேசிய பிறகே போய்ச்சேரும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரே செய்தியை அது 128 தடவை வரை திரும்ப அனுப்பக்கூடும், ரீடிங் வரும் ஆனால் பேட்டரி சீக்கிரம் சாகும்.

பேட்டரியைப் பற்றி ஒரு தவறான பழக்கம் பரவலாக இருக்கிறது: மல்டிமீட்டரை வைத்து 3.6 வோல்ட் காட்டினால் நன்றாக இருக்கிறது என்பது. லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி தீரும் தறுவாய் வரை அதே 3.6 வோல்ட்டைக் காட்டும். சுமை வைத்துப் பாருங்கள்: ஏஏ அளவுள்ளதற்கு 330 ஓம் ரெசிஸ்டர் சுமார் 10 மில்லிஆம்பியர் இழுக்கும், சில நொடிகளில் 3 வோல்ட்டுக்கு மேல் நிலைக்க வேண்டும். நீண்ட நாள் கிடங்கில் கிடந்த பேட்டரியின் உள்ளே ஒரு மெல்லிய படலம் உருவாகி, முதல் ஒலிபரப்பில் வோல்ட் சரிந்து கருவி ரீசெட் ஆகும். இந்தச் சுமை அந்தப் படலத்தையும் உடைக்கும், அதனால் முதலில் சரிந்து பிறகு ஏறினால் பேட்டரி நல்லதே. இதைச் சார்ஜ் செய்யவோ, நேரடியாகச் சால்டர் வைக்கவோ, முனைகளைச் சேர்க்கவோ கூடாது, வெடிக்கும்.

கேட்வே பக்கம் மூன்று விஷயங்கள். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டர்கள் ஒன்றில் ஒன்று இறுக்கமாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி தொடாது; மொட்டைமாடியில் ஏற்றிய புது ஆன்டெனா பழையதைவிட மோசமாக இருந்தால் உள்ளே ஊசியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ஜி-174 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் 3 மீட்டரில் சுமார் 3 டெசிபெல், அதாவது பாதி ஆற்றலைத் தின்றுவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 8 டிபிஐ (சிக்னலைக் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனா சிக்னலைக் கிடைமட்டமாகத் தட்டையாக்கி வெகுதூரம் அனுப்புகிறது. உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் அதை வைத்தால் தூரத்து வீடுகள் கிடைக்கும், அதே கட்டடத்தின் அடித்தள மீட்டர்கள் கிடைக்காது. உங்கள் வளாகத்துக்கு 3 முதல் 5 டிபிஐ ஆன்டெனாவோடு இரண்டு கேட்வே வைப்பது ஒரு பெரிய ஆன்டெனாவைவிட நல்லது.

எரிவாயு மீட்டரிலும் மின் மீட்டரிலும் முறை இதுவே, எல்லை மட்டும் வேறு. எரிவாயு இடத்தில் அதற்கென்று சான்று பெற்ற கருவி தவிர வேறெதையும் மாட்டக் கூடாது, துளையிடவும் கூடாது. மின் மீட்டரின் முனை மூடியைத் திறக்காமல், மின்னும் எல்இடி மேல் சென்சார் ஒட்டுவதே வெளியாள் செய்யக்கூடிய வேலை. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது முகப்பில் இருக்கும். இரண்டு எல்இடி இருந்தால் யூனிட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். வெயில் நேராகப் படாமல் மறையுங்கள்.

மூன்றாவது வேலையான பெயரெழுதுவதில் நேரும் பிழை, பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கருவிகள் இடம் மாறிப் பதிவாவது. இரண்டுமே ஒழுங்காக ரீடிங் அனுப்பும், அதனால் எந்த எச்சரிக்கையும் எழாது; குறைவாகப் பயன்படுத்தியவர் பக்கத்து வீட்டுப் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் மட்டும் 50 லிட்டர் ஓடவிட்டு யார் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். மாட்டும்போதே முகப்பு எண், மீட்டர் வரிசை எண், கருவி வரிசை எண் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி ஃபோட்டோ எடுத்திருந்தால் இதற்கெல்லாம் தேவையே வராது. நேரமும் இதில் சேரும்: கருவி உலகப் பொது நேரத்தில் பதிந்து, மென்பொருள் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டால், இரவுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கணக்கு காலைக் குளியலைக் கசிவென்று சொல்லும்.

ஒரு கருவி செத்ததா என்று சந்தேகமாக இருந்தால், ஒழுங்காக வேலை செய்யும் பக்கத்துக் குழியின் கருவியை அங்கே வைத்துப் பாருங்கள். அதுவும் பேசாவிட்டால் இடத்தில் குறை, பேசினால் கருவியில் குறை. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய கருவியைக் கழற்றும் முன் முகப்பு எண்ணைப் படமெடுத்து, அதையே புதியதன் தொடக்க எண்ணாகக் கொடுங்கள். பல்ஸ் மதிப்பையும் புதியதில் மறுபடி எழுதுங்கள், அது தொழிற்சாலை அமைப்பிலேயே இருக்கும். பழையதைச் சர்வரிலிருந்து நீக்குங்கள். பில் கணக்கில் அந்த நாளுக்கு இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: பழைய கருவி முடித்த எண், புதியது தொடங்கிய எண்.